கட்டோங்கோ மரியாதையாகப் பேசிய நாள்

கட்டோங்கோவின் கண்ணுக்குத் தப்பிய புழு இந்த ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. யானையின் குடலில் குடியிருக்கும் புழுக்கள், அடம்பிடிக்கும் தம் குட்டிகளை "இரு, கட்டோங்கோவைக் கூப்பிடுறேன்" என்று சொல்லித்தான் அடக்குகின்றன. நீர்யானையின் ஈரலில் இருக்கும் தட்டைப்புழு, அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் வீட்டைக் காலி செய்துவிட்டு முதலைக்குள் குடிபோய்விடும். லுவாங்வா ஆற்றங்கரையில் ஒரு கிழட்டுச் சிங்கம், தனக்குப் புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவள் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தவள் நான்தான்.

சரி, சிங்கம் பொய். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் ஊரில், மாடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை இருக்கிறது. கட்டோங்கோ அங்கே இறைச்சிச் சோதனை அதிகாரி. அறையில் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, இரண்டு கனத்த கண்ணாடித் தகடுகள், ஊதா மை முத்திரை ஒன்று. மின்சாரம் கிடையாது. ஜன்னல் வெயிலைச் சின்னக் கண்ணாடியில் பிடித்து நுண்ணோக்கிக்குள் திருப்பிவிடுவாள். வேட்டை முகாமிலிருந்து ஊருக்குப் பங்காக வரும் காட்டுப்பன்றியின் தசையை அரிசி அரிசியாக நறுக்கி, தகடுகளுக்கு நடுவில் வைத்துத் திருகு போட்டு நசுக்கி, கண்ணை வைத்துப் பார்ப்பாள். அவள் தலையாட்டிய பிறகுதான் கறியை அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவளுக்கு என் அம்மா வயது. ஆனாலும் நான் 'அவள்' என்றுதான் எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது. அவள் வடக்கே கசாமாவிலிருந்து வந்த பேம்பாக்காரி. நாங்கள் ங்கோனி இனத்தார். எங்கள் பாட்டன்மாரும் அவள் பாட்டன்மாரும் ஒருகாலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். பிறகு சலித்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பேம்பாவும் ஒரு ங்கோனியும் சந்தித்தால் கேலி முறைதான். அவள் எங்களை 'எலி தின்னி' என்பாள். நாங்கள் அவளை 'குரங்கு தின்னி' என்போம். கல்யாணமோ சாவோ, கேலி முறைக்காரர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். யாரும் கோபப்படக் கூடாது. மரியாதையாகப் பேசுவதுதான் அவமானம். 'நீ எனக்கு உறவில்லை' என்று அதற்கு அர்த்தம்.

இந்த ஊரில் கட்டோங்கோவுக்கு வேறு உறவு கிடையாது. புருஷன் சுரங்க ஊரிலேயே தங்கிவிட்டான், பிள்ளையும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் எங்கள் வசவுதான். அதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள். அதுவும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

என் அப்பா செத்தபோது, அடக்கம் செய்யப்போகிற நேரத்தில், குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"இடம் நல்லா குளுகுளுன்னு இருக்கு. இந்த ஷாவா குடும்பம் ஒரு கோழி குடுத்தாத்தான் எழுந்திரிப்பேன். இல்லாட்டி செத்தவரை வேற எங்கயாவது கொண்டுபோங்க."

அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்த என் அம்மா சிரித்துவிட்டாள். சிரித்து, அழுது, அப்புறம் கஞ்சி குடித்தாள். அன்றைக்கு என் கண் சிவந்திருந்ததை கட்டோங்கோ பார்த்து என்னவென்று கேட்டாள். குழி மண் விழுந்துவிட்டது என்றேன். அதுதான் உண்மையும்கூட.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் அக்கா லோசிவேவுக்கும் ஜோபேக்கும் கல்யாணம், எங்கள் வீட்டு முற்றத்தில். ஜோபே நல்லவன், கொஞ்சம் மந்தம். ஒருமுறை சோள பீர் குடித்துவிட்டு கட்டோங்கோவோடு வாய்ச்சண்டை போட்டபோது, அவள் ஊதா முத்திரையை எடுத்து அவன் நெற்றியில் குத்திவிட்டாள். 'உண்ணத் தகுதியற்றது'. அதைக் கழுவாமலே மறுநாள் பெண் கேட்க வந்தவன் அவன்.

கல்யாணத்துக்கு வேட்டை முகாமிலிருந்து இரண்டு காட்டுப்பன்றி வந்திருந்தது. முகமெல்லாம் முண்டும் முடிச்சுமாக, கத்தி மாதிரி வளைந்த தந்தத்தோடு, நல்ல கொழுத்த ஆண் பன்றிகள். எங்கள் ஆட்கள் விருந்துக் கறியைக் குழம்பு வைக்க மாட்டார்கள். நீளநீளமாக அரிந்து, குச்சியில் கோத்து, தணலில் இப்படியும் அப்படியும் காட்டி, உள்ளே இரத்தம் சிவந்திருக்கும்போதே கடிப்பார்கள். முதல் துண்டு மாப்பிள்ளைக்கு. அவன் பல்லால் இழுத்துக் கிழிக்க வேண்டும், இரத்தம் மோவாயில் வழிய வேண்டும். அப்போதுதான் பெண் வீட்டார் குலவையிடுவார்கள். நன்றாக வெந்த கறி கிழவிகளுக்கும் பாதிரியாருக்கும்.

அன்று காலை நான் வழக்கம்போலக் உப்புப் போட்டு உலர்த்திக் குச்சியில் சொருகிய எலிகளை விற்றுக்கொண்டு தகர அறைப் பக்கம் போனேன். ஜோபே விடிந்ததும் கொண்டுவந்து கொடுத்த தசை மேசையில் இருந்தது. பன்றியின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் திரை மாதிரி ஒன்று இருக்குமே, அதிலிருந்து வெட்டியது. முதல் பன்றியைப் பார்த்து முடித்திருந்தாள். இரண்டாவதற்குத் திருகு போட்டுக்கொண்டே என்னோடு பேசினாள்.

"உன் அக்காவை இன்னிக்கு ஜோபே கூட்டிட்டுப் போயிட்டா, உங்க வீட்ல ஆளுக்கு எலிப் பங்கு கூடும், இல்ல?"

"உனக்கும் ஒரு வால் தர்றோம். குரங்கு வால் கிடைக்காத நாள்ல சப்பிக்கோ."

"வால் எதுக்கு? தலையக் குடு. உங்க வீட்ல தலை இருக்கிறது எலிக்கு மட்டும்தா..."

வாக்கியம் பாதியில் நின்றது. கட்டோங்கோ ஒரு வசவைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியை லேசாகத் திருப்பி வெயிலைக் கூட்டினாள். தகட்டை ஒரு நூல் நகர்த்தினாள். கழுத்து நரம்பு எழுந்து நின்றது.

"தோகோ, இங்க வா. பாரு."

பார்த்தேன். மங்கிய சிவப்பில் தசைநார்கள் கயிறு கயிறாகக் கிடந்தன. நடுவில் எலுமிச்சம்பழ வடிவில் ஒரு குட்டிப் பை. அதற்குள் கடிகாரச் சுருள் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும். ஒன்று மெதுவாகச் சுருளை இறுக்கியது.

"உயிரோட இருக்கு" என்றேன்.

"பன்னிக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா மேஞ்சிருக்கும், ஓடியிருக்கும். தின்னவனுக்குத்தான்..." என்றவள் எழுந்து முத்திரையைப் பையில் போட்டாள். "நான் இங்க வந்த புதுசுல பள்ளத்தாக்குல ஒரு ஊர். அரைவேக்காட்டுக் கறி தின்னாங்க. தேனீ கொட்டின மாதிரி எல்லார் மூஞ்சியும் வீங்கிக் கிடந்துச்சு. கரண்டியத் தூக்க முடியலன்னு ஒருத்தன் அழுதான். ஒரு தச்சர், வாட்டசாட்டமான ஆளு, புழு இதயத் தசைக்குள்ள போயி செத்தாரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு பன்னியையும் ஒண்ணா அரிஞ்சிருப்பாங்களா?"

"அரிஞ்சு கோத்துக்கிட்டிருக்காங்க."

"நான் தலையாட்டாம எப்படி அரிஞ்சாங்க?"

"எப்பவும் ஆட்டுவியே, அதான்."

சைக்கிளில் அவள் மிதிக்க, நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். முரசு சத்தம் தூரத்திலேயே கேட்டது. அடுப்பு மூட்டினால்தான் முரசு அடிப்பார்கள்.

முற்றத்தில் புழுதி பறக்க ஆட்கள் தோலும் கேடயமுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தணல் தயார். மூங்கில் தட்டு நிறைய கறிக் குச்சிகள். அப்பாவுக்குப் பதில் பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பு சகேயு சித்தப்பாவுக்கு. தணலுக்குப் பக்கத்தில் அவர் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கட்டோங்கோ சைக்கிளைச் சாய்த்த வேகத்திலேயே கத்தினாள்.

"நிறுத்துங்க! அந்தக் கறியத் தொடாதீங்க! புழு இருக்கு!"

முற்றமே குலுங்கிச் சிரித்தது.

"வந்துட்டா பாருடா நம்ம குரங்கு தின்னி!" என்றார் சித்தப்பா. "கறி வாசம் கசாமா வரைக்கும் போயிருச்சு போல."

"சகேயு, நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டாவது பன்னி. தசை முழுக்க இருக்கு."

"புழு இருந்தா உனக்கென்ன? நாங்க தின்னா எங்களுக்கு, புழு தின்னா புழுவுக்கு. உனக்குத்தான் பங்கு இல்ல!"

மறுபடி சிரிப்பு. அவள் சிரிக்காமல் நின்றாள். அதுதான் வினை. எங்கள் ஊரில் சிரிக்காமல் கேலி பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் முகம் எவ்வளவு இறுகியதோ அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள். போன அறுவடைத் திருவிழாவில் இதே முகத்தோடு 'உங்க தலைவர் மாட்டுக்குக் கொம்புல காய்ச்சல்' என்று சொல்லி ஊரையே மாட்டுக் கொட்டிலுக்கு ஓடவைத்தவள்.

பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். "கறியில முத்திரை குத்தப் போறேன். சட்டப்படி."

உடனே இளவட்டங்கள் வரிசையாக வந்து குனிந்து நெற்றியைக் காட்டினார்கள். "எனக்கு முதல்ல!" "எனக்கு ரெண்டு குத்து! ஒரு பொண்ணும் பாக்க மாட்டேங்குது, இதைப் பாத்தாவது பாக்கட்டும்!"

நான் முன்னால் பாய்ந்தேன். "சித்தப்பா, நானும் பாத்தேன். சுருண்டு சுருண்டு கெடக்கு, அசையுது!"

"நீயா சாட்சி?" சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "போன மாசம் பாதிரியார் நாற்காலிக்கு அடியில எலியக் கட்டினது யாரு? ரெண்டு கள்ளிகளும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காளுங்க!"

கட்டோங்கோ சட்டென்று மூங்கில் தட்டைத் தணல் பக்கத்திலிருந்து இழுத்தாள். இழுத்த தட்டுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையிரண்டையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். "பிடுங்கிட்டேன். முறைப்படி இது என்னோடது."

ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. முறைக்காரர் பிடுங்கியதை யாரும் பலவந்தமாக வாங்க முடியாது. ஆனால் மீட்கலாம். அதற்கும் முறை இருக்கிறது.

"என்ன வேணும்? கோழியா?" சித்தப்பா ஒரு சேவலைப் பிடித்துவரச் சொன்னார்.

"சேவல் பத்தாது."

"ரெண்டு?"

"வீட்டுல இருக்கிற எல்லாக் கோழியும் வேணும்."

கூட்டம் ஆரவாரித்தது. ஜோபேயின் அண்ணன் வெள்ளாடு ஒன்றைக் கழுத்துக் கயிற்றோடு கொண்டுவந்து அவள் மடியிலேயே நிறுத்தினான். ஆடு அவள் காதைக் கடித்தது. அவள் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆனால் முறையில் ஆட்டுக்கு மேல் கேட்க எதுவும் கிடையாது. ஆடு கொடுத்தால் பிடுங்கியது திரும்பிவிட வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எழுந்திரு, குரங்கு தின்னி. நீ ஜெயிச்சுட்ட. ஆட்ட ஓட்டிட்டுப் போ."

இரண்டு பெண்கள் குலவையிட்டபடி அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். தட்டு போய்விட்டது. ஜோபே ஏற்கெனவே ஒரு குச்சியைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தான். ஓரம் கருகி, நடுவில் சிவப்பு பளபளத்தது. என் அக்கா தலையில் பாசிமணிப் பட்டையோடு குடிசை வாசலுக்கு வந்து நின்றாள். முரசு வேகம் பிடித்தது. நான் அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவளும் சிரித்தபடி தலையை ஆட்டினாள். நான் அவளை எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறேன்!

ஜோபே குச்சியை வாய்க்கு உயர்த்தினான்.

அப்போது கட்டோங்கோ மண்டியிட்டாள்.

மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு கையையும் குவித்து, மெதுவாகத் தட்டினாள். சம்பந்திகளுக்கும் தலைவருக்கும் தட்டுகிற மரியாதைக் கைத்தட்டு. அவள் குரல் எனக்குத் தெரியாத யாருடைய குரலோ போல இருந்தது.

"மதிப்புக்குரிய ஷாவா ஐயா அவங்களே. உங்க வீட்டு விசேஷத்துல நான் அந்நிய மனுஷி. தொந்தரவு செஞ்சதுக்கு மன்னிக்கணும். அரசாங்கத்துல இருந்து வந்திருக்கேன். இந்தக் கறியை யாரும் சாப்பிட வேண்டாம்னு உங்களைப் பணிவாக் கேட்டுக்கறேன்."

முரசு அடித்தவன் கை தோலின்மேலேயே நின்றுவிட்டது.

சித்தப்பாவின் சிரிப்பு முகத்திலிருந்து ஒழுகிப்போனது. "ஏய், என்ன இது? எழுந்திரு பேம்பாக்காரி. விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு."

"நீங்க சொன்னா எழுந்திரிக்கிறேங்க, ஐயா."

அந்த 'ஐயா' அவர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அடி வாங்கியவர்போல ஒரு அடி பின்னால் போனார்.

"ஜோபே! கீழ போடுடா!"

ஜோபேயின் பல் கறியில் பதிந்திருந்தது. மந்தம் என்று சொன்னேன் அல்லவா? அவன் கடித்தபடியே நின்று எல்லாரையும் பார்த்தான். கட்டோங்கோ எழுந்து ஓடி, குச்சியைத் தட்டிவிட்டு, அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். உள்ளே விரலை விட்டுத் தோண்டினாள். "துப்புங்க. விழுங்கிட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இ... இல்ல. இன்னும் கிழிக்கல."

"கொப்பளிங்க. திரும்பவும்."

என் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். தலையிலிருந்த பாசிமணிப் பட்டை கழன்று விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

கறி முழுவதையும் குழி தோண்டிப் போட்டு, விறகு அடுக்கி எரித்தார்கள். விருந்துக்கு மீட்பு ஆட்டை அறுத்தார்கள். பானையில் நன்றாக வேகவைத்தார்கள். யாரும் குலவையிடவில்லை. கட்டோங்கோவுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி போட்டு, மூடிபோட்ட தட்டில் சோளக்களி கொடுத்தார்கள். "சாப்பிடுங்க, மேடம்" என்றார் சித்தப்பா. அவள் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சில வாரங்கள் தினமும் விடிகாலையில் கட்டோங்கோ அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, ஜோபேயின் இமைகளை இழுத்துப் பார்ப்பாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீக்கம் வரவில்லை. காய்ச்சலும் இல்லை. ஒருநாள், "இனிமே நான் வர வேண்டியதில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஜோபே பிழைத்தான். கட்டோங்கோவின் நிலைமைதான் மோசம். சந்தையில் மேடம். கிணற்றடியில் மேடம். வரிசையில் அவளுக்கு முன்னால் வழி விட்டார்கள். கேலி முறையை ஒரு பக்கம் இறக்கி வைத்துவிட்டால், மறுபக்கம்தான் முதல் கேலியைச் செய்து அதை எடுக்க வேண்டுமாம். நான் சித்தப்பாவிடம் போய் ஒரே ஒரு 'குரங்கு தின்னி' சொல்லச் சொன்னேன்.

"எப்படிடி சொல்றது? வாயத் தொறந்தா நன்றிதான் வருது" என்றார்.

அவளும் எங்களோடு பணிவாகவே பேசினாள். தகர அறையில் மேசைக்கு முன்னால், தகட்டில் எதுவும் இல்லாமலேயே, கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. எலி வியாபாரம் படுத்துவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் அவளுக்கு மட்டும் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

நேற்று அவள் தொட்டிப் பக்கம் போன நேரம், என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிய்த்து, தகடுகளுக்கு நடுவில் வைத்துத் திருகிவிட்டேன். எங்கள் முடி தானாகவே நல்ல சுருள். பிறகு வாசலில் உட்கார்ந்து எலிகளை எண்ணுவதுபோல நடித்தேன்.

அவள் வந்தாள். உட்கார்ந்தாள். கண்ணை வைத்தாள். கண்ணாடியைத் திருப்பி வெயிலைக் கூட்டினாள். தகட்டை ஒரு நூல் நகர்த்தினாள். நான் எலிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"தோகோ, இங்க வாங்க."

"என்ன மேடம்?"

"புழு ஒண்ணு கெடச்சிருக்கு. புது ஜாதி."

"ஐயோ! ஆபத்தானதா?"

"ரொம்ப." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தலைக்கு வாஸ்லின் தடவியிருக்கு. ஒன்பதாவதுல ஃபெயில் ஆயிருக்கு. ஞாயித்துக்கிழமை அக்கா பின்னிவிட்ட சடையில இருந்து பிச்சுக்கிட்டு வந்திருக்கு. வாடி இங்க, எலி தின்னி."

நான் போனேன். நெற்றியில் முத்திரை விழுந்தது. ஓங்கித்தான் குத்தினாள்.

"குரங்கு தின்னி!" என்று கத்தினேன்.

"கண்ணு ஏன் கலங்குது?"

"மண்ணு விழுந்துருச்சு."

அவள் சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன. குழிக்குள்ள படுத்துக் கெடந்தவ நானு. என் மேல விழாத மண்ணு, மேல நின்ன உன் கண்ணுல எப்படிடி விழுந்துச்சு?"